சுறா எண்ணெய் பூசிய மல்யுத்த வீரர்கள்

ஒரு பொருள் கெட்டுப்போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதை யாரும் கவனிக்காமல் விடுவது. மற்றது, என்னைப் போன்ற ஒருவன் அதைக் கவனமாகப் பாதுகாப்பது. முதல் வழியில் கெட்டதை எப்படியாவது திருத்தி எடுக்கலாம். இரண்டாவது வழியில் கெட்டதைக் குப்பையில்தான் போட வேண்டும்.

எனக்கு இது பதினான்கு வயதிலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்குக் கெட்டது என் அட்டைக் கட்டு மட்டும் என்றால் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதோடு சேர்த்து என் அக்காவின் கலியாணத்தையும் கவிழ்க்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. எங்கள் ஊர் ஆரையம்பதி. கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பொழுதுபோக்கு என்று எங்களிடம் இருந்ததெல்லாம் பபிள்கத்தோடு வந்த மல்யுத்த அட்டைகள்தான். ஒரு பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு மெல்லிய அட்டை இருக்கும். முன்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பயில்வானின் படம். படத்துக்குக் கீழே அவருடைய உயரம், நிறை, மார்பு அகலம், ஆடிய போட்டி, வென்ற போட்டி என்று ஐந்து கணக்கு. பின்பக்கம் வெறும் வெள்ளை. பயில்வான்களின் ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம். எல்லோரிலும் உயரமானவர் பனைமரத்தான். எல்லோரிலும் நிறையானவர் அரிசிமூட்டை. உச்சியில் மட்டும் கொஞ்சம் முடி விட்டிருந்தவர் ஐயர். (ஐயர் பார்க்கச் சாதுவாக இருப்பார். வென்ற போட்டியில் அவரை அடிக்க ஆளில்லை.)

விளையாட்டு லேசானது. ஆளுக்கொரு கட்டு. இரண்டு பேரும் தங்கள் கட்டின் மேலட்டையை எடுத்து மற்றவருக்குக் காட்டாமல் பார்ப்பார்கள். கேட்கும் முறை யாரிடம் இருக்கிறதோ அவர் "நிறை" என்றோ "உயரம்" என்றோ கேட்பார். இரண்டு அட்டையையும் திருப்பிப் பார்த்து, எண் கூடினவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். அடுத்த தடவையும் வென்றவரே கேட்பார். எண் சமமாக வந்தால் கேட்கும் முறை மற்றவருக்குப் போகும். வென்ற அட்டை வென்றவருக்கே சொந்தம். அழுதாலும் திருப்பிக் கிடைக்காது.

பிள்ளைகள் எல்லோரும் அழகான பயில்வான்களைச் சேர்த்துக் கட்டு அடுக்கினார்கள். நான் அப்படியில்லை. நான் ஒரு விஞ்ஞானி. வாரக்கணக்காக அட்டைகளை முற்றத்தில் பரப்பிவைத்து ஆராய்ந்து ஒரு உண்மையைக் கண்டுபிடித்தேன். உயரத்தில் ஆளுக்காள் பெரிய வித்தியாசம் இல்லை. நிறையில்தான் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். ஆகவே கட்டு முழுவதும் குண்டர்களாக இருந்து, கேட்கும் முறையும் என்னிடமே இருந்தால் உலகத்தில் என்னை வெல்ல ஆள் கிடையாது. தப்பித்தவறிக் கேட்கும் முறை கைமாறினால் அதை மீட்பதற்காக இடையிடையே காவல்காரர்களை நிறுத்தினேன். உயரம் கேட்பவனைப் பனைமரத்தான் பார்த்துக்கொள்வார். வென்ற போட்டி கேட்பவனை ஐயர் பார்த்துக்கொள்வார்.

இதற்காக என் கண்ணாடிப் போளைகள் எல்லாம் பண்டமாற்றில் போயின. ஒரு அரிசிமூட்டைக்கு மூன்று அழகர்களைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் என்னை விசரன் என்றார்கள். எல்லோரும் கழித்துவிட்ட குண்டர்களை நான் தேடித்தேடி வாங்கினேன். என்னோடு கணக்கு ரியூசனுக்கு வந்த காத்தான்குடி றமீஸ் மட்டும் சந்தேகப்பட்டான். அவனுடைய வாப்பாவுக்குக் கடை இருந்தது. பபிள்கம் பெட்டியோடு வரும் வீட்டுப்பிள்ளை. அவனுக்கும் எனக்கும் பள்ளி விடுமுறையில் ஒரு பெரிய போட்டி என்று பேச்சு.

"என்னடா நீ ஊதின ஆக்களையே பொறுக்கிற? என்னமோ பெரிய வேல பாக்கிறாய் போல" என்றான்.

நான் எல்லாம் தெரிந்தவன்போலச் சிரித்தேன். அந்தக் காலத்தில் அடிக்கடி அப்படிச் சிரிப்பேன். நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

கட்டு தயாரானதும் அதைப் பாதுகாக்கும் எண்ணம் வந்தது. முந்திய மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது என் பழைய அட்டைகள் எல்லாம் கூழாகிப் போயிருந்தன. அதே கதி குண்டர்களுக்கு வரக்கூடாது. அப்பா எங்கள் ஊரை ஒட்டிய பெரிய வாவியில் தோணி வைத்து மீன்பிடிப்பவர். தோணிப் பலகை தண்ணீரில் ஊறாமல் இருக்க அவர் வருடத்துக்கு ஒருமுறை சுறா எண்ணெய் பூசுவார். தோணியையே காப்பாற்றும் எண்ணெய் அரிசிமூட்டையைக் காப்பாற்றாதா? அப்பா இல்லாத நேரம் பார்த்துத் தகரத்தைத் திறந்தேன். ஒவ்வொரு அட்டையாகத் தோய்த்து, துணியால் ஒற்றி, வலை காயப்போடும் கயிற்றில் அம்மாவின் சேலைக் குத்தூசிகளால் தொங்கவிட்டேன்.

காய்ந்த பிறகு அட்டையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வழுகி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அக்காவின் முகப்பவுடரைத் தூவினேன். அதன்பின் பவுடர் பூசிக்கொண்ட சுறா மணத்தது.

இனி அக்காவின் கதை.

அக்கா முன்பள்ளி ஆசிரியை. வயது இருபத்தேழு. அதற்கு முன் இரண்டு இடம் பேசிக் குழம்பிவிட்டது. ஒருவர் வெளிநாடு போய் அங்கேயே கட்டிக்கொண்டார். மற்றவருடைய குடும்பம் இடம்பெயர்ந்து எந்த முகாமுக்குப் போனது என்றே தெரியவில்லை. மூன்றாவதாக மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், படுவான்கரையில் ஒரு இடம் கொண்டுவந்தார். வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரை. எங்கள் பக்கம் எழுவான்கரை. அப்போது போர்க்காலம், எங்கள் பக்கம் ஆமியின் கையில், அந்தப் பக்கம் இயக்கத்தின் கையில். மாப்பிள்ளையின் பெயர் தவராசா. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தாய் மட்டும்தான்.

எங்கள் பகுதியில் பெண்வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது வழக்கம். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண் அந்தப் பயணத்தில் போவதில்லை. அப்பா, அம்மா, மாமா மூவரும் போவதாக இருந்தது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போனால் காரியம் குழம்பிவிடும் என்று அம்மாவுக்கு ஒரு பயம். ஆகவே காரியம் குழம்பாமல் இருக்க நாலாவது ஆளாக என்னைக் கூட்டிப்போனார்கள். (இதை வாசித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். அம்மா இருந்தவரைக்கும் அந்தக் கணக்கு சரி என்றுதான் சொன்னார்.)

புறப்படுவதற்கு முன் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"மனே, அந்த ஆள நல்லாப் பாத்துட்டு வா. அம்மாவும் மாமாவும் வயலையும் மாட்டையும்தான் பாப்பாங்க. ஆள் எப்பிடி எண்டு நீதான் எனக்குச் சொல்லணும்."

"நீ பாத்திருக்காய்தானே?"

"ஒரு தரம் ரவுணில செமினாரில கண்ட. முன் வரிசையில இருந்து நித்திரை கொண்டவர். மறுகா மற்ற ஆக்கள் எல்லாம் குறிப்பெடுத்த எண்டு சொல்லக்குள்ள, அவர் மட்டும் நான் நித்திரையாப் போயிட்டன் எண்டு எழும்பி நிண்டு சொன்னவர்." அக்கா வாளியைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு இந்த இடம் சரிவரணும் மனே. அதையும் இதையும் செஞ்சு குழப்பிப் போடாத."

நான் தலையாட்டினேன். சேட் பொக்கற்றுக்குள் குண்டர்கள் கனத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை வீட்டில் விட்டுவர எனக்கு மனமில்லை.

மண்முனைத்துறையில் ஆமியின் சோதனைச் சென்றி. அங்கே எல்லோரையும் வரிசையில் நிறுத்தி உடல் தடவிப் பார்ப்பார்கள். என் பொக்கற் புடைத்திருந்ததைக் கண்ட ஒரு சிப்பாய் கட்டை வெளியே எடுத்தான். இருபது வயதுகூட இருக்காது. மேலட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இரண்டாவதைப் புரட்டினான். மூன்றாவதைப் புரட்டும்போது மூக்கு சுருங்கியது. விரலை முகர்ந்து பார்த்தான்.

"கரவலத?" என்றான். கருவாடா என்று சிங்களத்தில் கேட்கிறான்.

"இல்ல சேர். காட்ஸ்."

அவன் கட்டை என் கையில் திணித்துவிட்டுத் தண்ணீர்ப் பீப்பாயைத் தேடிப் போனான். எங்கள் நாலு பேரையும் அதற்கு மேல் யாரும் சோதிக்கவில்லை. அம்மா, "ஆண்டவனே, நல்ல சகுனம்" என்றார்.

வாவியைக் கடக்க ஒரு பெரிய மிதவை உண்டு. அதைப் பாதை என்று சொல்வோம். பாதை நகரத் தொடங்கியதும் அம்மா எங்கள் மூவருக்கும் கடைசிப் பாடம் எடுத்தார். மாப்பிள்ளையின் தாய்வழிப் பாட்டனார் பாம்புக்கடிக்கு மந்திரித்தவர். நல்ல மனிதர். ஊர் வாய்க்குள் அது வளர்ந்து வளர்ந்து, அவர் செத்த பிறகு பில்லி சூனியக் குடும்பம் என்று ஆகிவிட்டது. அந்தக் கதையால் ஏற்கெனவே ஒரு பெண்வீட்டார் பேச்சின் நடுவில் எழும்பிப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு அது ஆறாத புண்.

"மந்திரம், செய்வினை, மை பாக்கிற, ஒரு சொல்லு வாயில வரப்படா. அண்ணன், உங்களுக்கும்தான். விளங்கினதா?"

மாமா குடையை ஊன்றிக்கொண்டு, "எனக்கென்ன விசரா?" என்றார். அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒரு ஆபத்தாக யாருக்கும் தோன்றவில்லை.

வீடு ஒரு வயல் வட்டையின் ஓரத்தில் இருந்தது. எங்கு பார்த்தாலும் வெள்ளாமை பழுத்துக் கிடந்தது. மாப்பிள்ளையின் தாய் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். "வாங்க, வாங்க. வெயிலுக்குள்ளால வந்திருக்கீங்க. இருங்க, தேத்தண்ணி கொண்டாறன்." நிமிர்ந்த நடை. குறைந்த பேச்சு. எங்கள் ஒவ்வொருவருடைய முகத்தையும் ஒரு கணம் கூர்ந்து பார்த்தார்.

மாப்பிள்ளை கதிரையின் நுனியில் இருந்தார். ஒல்லியான ஆள். எண்ணெய் வைத்து வாரிய தலை. மாமா வயல் எவ்வளவு என்று கேட்டார், சொன்னார். மாடு கன்று கேட்டார், சொன்னார். பிறகு பேச ஒன்றும் இல்லாமல் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அந்த அமைதிக்குள் அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"தம்பி, இஞ்ச ஆரும் தோணி வச்சிருக்கீங்களா?"

"இல்லையே ஐயா. வாவி இஞ்ச இருந்து தூரம்தானே."

"இல்ல, தோணி மணக்கிற மாதிரிக் கிடக்கு." அப்பா மறுபடியும் உறிஞ்சினார். அம்மா முழங்கையால் அவரை இடித்தார்.

மாப்பிள்ளையின் பார்வை என் பொக்கற்றுக்கு வந்தது. "தம்பி என்ன வச்சிருக்கார்? காட்ஸா?" என்றார். அந்தச் சங்கடத்திலிருந்து தப்ப அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. எழும்பி உள்ளே போய் ஒரு பிஸ்கற் தகரத்தோடு வந்தார். திறந்தால் நிறைய அட்டைகள்.

"எல்லாம் வகுப்பில பொடியனுகளிட்டப் பறிச்ச. தவணை முடிய குடுத்திருவன். ஒரு ஆட்டம் போடுவமா?"

எனக்கு அவர்மேல் ஒரு இளக்காரம் வந்தது. நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக் கட்டு அமைத்தவன். இவர் பறித்தெடுத்த அட்டைகளை அப்படியே அள்ளிக்கொண்டு விளையாட வருகிறார். பாவம், மாப்பிள்ளை, மெல்லமாக அடிப்போம் என்று நினைத்தேன்.

"வெண்டா சொந்தம்" என்றேன்.

"ஓம், வெண்டா சொந்தம்."

விறாந்தையில் பாய் விரித்து இருந்தோம். அவர் சுவரோடு சாய்ந்து நிழலுக்குள். நான் முற்றத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னேர வெயில் என் தோளுக்கு மேலால் விழுந்து கையில் பட்டது. சுறா எண்ணெய் விரலில் பிசுபிசுத்ததால் ஒவ்வொரு அட்டையையும் ஓரத்தில் இரண்டு விரலால் மட்டும் பிடித்து முகத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தேன். மற்றவருக்குக் கொஞ்சமும் தெரியாமல் பிடித்திருக்கிறேன் என்பது என் எண்ணம்.

"நீங்க விருந்தாளி. நீங்களே கேளுங்க" என்றார்.

"நிறை" என்றேன். வென்றேன். மறுபடியும் நிறை. மறுபடியும் வென்றேன். என் சித்தாந்தம் பஞ்சில் நெருப்புப் பிடித்தாற்போல் ஓடியது. அரிசிமூட்டையை இறக்கினேன். அவரும் ஒரு அரிசிமூட்டையை இறக்கினார். சமம். கேட்கும் முறை அவருக்குப் போனது. பரவாயில்லை, என் காவல்காரர்கள் இருக்கிறார்கள்.

பனைமரத்தானை உயர்த்திப் பிடித்தேன். உயரம் கேளுங்கள், கேளுங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கண்ணைக் கசக்கினார். மறுபடியும் பார்த்தார்.

"ஆடின போட்டி" என்றார்.

பனைமரத்தான் வாழ்நாளில் அதிகம் ஆடாதவர். போய்விட்டார். அடுத்தது ஐயர். வென்ற போட்டி கேட்டால் பிழைத்திருப்பார். "மார்பு" என்றார் மாப்பிள்ளை. ஐயருக்கு மார்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வந்த குண்டர்களிடம் ஒரு தடவைகூட அவர் நிறை கேட்கவில்லை. உயரம் குறைந்த குண்டனிடம் உயரம். தோற்றே பழகிய குண்டனிடம் வெற்றி. ஒவ்வொருவருக்கும் எங்கே நோகும் என்று தெரிந்து அங்கேயே அடித்தார். முகத்தில் மட்டும் அடக்க முடியாத ஒரு சிரிப்பு உதட்டோரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டு கரைந்தது. கடைசி அட்டையும் போனது. போளைகள், மூன்று மாத ஆராய்ச்சி, றமீஸோடான போட்டி எல்லாம் அந்தப் பாயில் அவர் பக்கத்தில் குவிந்து கிடந்தன. என் காதுக்குள் கூவென்று இரைந்தது. மனிதனால் இப்படி அடுக்கடுக்காகச் சரியாகக் கேட்க முடியாது. அப்படியென்றால் இது மனிதனால் செய்கிற காரியம் இல்லை. பாதையில் அம்மா சொன்ன மூன்று சொற்களும் என் தொண்டையில் வந்து வரிசையாக நின்றன.

எழும்பி நின்று கத்தினேன்.

"இவர் மந்திரம் செய்றார்! மை பாக்கிறார்! செய்வினை அம்மா! என்ட காட்டப் பாக்காமலே சொல்றார்!"

ஒரு சொல் வாயில் வரக்கூடாது என்றார் அம்மா. நான் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றார். தட்டை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"முதல் வந்த ஆக்களும் இதச் சொல்லிட்டுத்தான் எழும்பிப் போனவங்க. அவங்க பெரிய ஆக்கள். நீங்க சின்னப் பொடியனுக்குச் சொல்லிக்குடுத்துக் கூட்டி வந்திருக்கீங்க."

"ஐயோ, அப்பிடி இல்ல" என்று அம்மா எழும்பினார். சொல்லிக்கொடுத்தது உண்மைதான், சொல்லக்கூடாது என்று. அதை எப்படி விளக்குவது? அம்மாவின் முகம் வெளிறிப் போனதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அக்கா கிணற்றடியில் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. மாமா குடையைக் கையில் எடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை பாயிலேயே இருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. அவருக்கு முன்னால் இரண்டு வழிதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் தாயின் தலையில் பழைய பழி மறுபடியும் ஏறும். திறந்தால் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் முன்னால் அவருடைய மானம் போகும்.

"அம்மா, கோவப்படாதீங்க" என்றார் தாயைப் பார்த்து. "மாமா, இருங்க. மந்திரம் ஒண்டும் இல்ல. நான் பாத்து விளையாடின."

"என்னத்தப் பாத்த?" என்றார் மாமா.

மாப்பிள்ளை எழும்பி ஒரு அட்டையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். வடை சுற்றிய எண்ணெய்க் கடதாசிபோல அது மினுங்கியது. வெள்ளைப் பின்பக்கத்தால் பனைமரத்தான் தலையிலிருந்து கால்வரை அப்படியே தெரிந்தார். இடவலம் மட்டும் மாறியிருந்தது.

"எண்ணெய் ஊறிக் கிடக்கு. தம்பி தூக்கிப் பிடிக்கக்குள்ள எல்லாம் இஞ்சால தெரியிது. ஆளத் தெரிஞ்சாக் காணும், கணக்கு எனக்குப் பாடம். வகுப்பில ஒவ்வொரு ஆளையும் நாலஞ்சு தரம் பறிச்சிருக்கன்."

"அப்ப சின்னப் பொடியன ஏமாத்தின நீங்க?" என்றார் மாமா.

"ஓம். முதல் ஒண்டோட சொல்லத்தான் நினைச்ச. மறுகா ஆசையாப் போயிட்டு."

அவருடைய தாய் தலையில் கை வைத்தார். "முப்பது வயசாகுது. பொண் வீட்டு ஆக்கள் வந்திருக்கக்குள்ள, பாலகனோட களவு விளையாட்டு விளையாடியிருக்காய். பள்ளிக்கூடத்தில இதத்தான் படிப்பிக்கிறியா?"

அப்பா எழும்பி வந்து பனைமரத்தானை வாங்கினார். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

"என்ட தோணி எண்ணெய்!" என்றார். இரண்டு மணி நேரமாகத் தேடியது கிடைத்த நிம்மதி அவர் குரலில் இருந்தது. எனக்கு அடி விழும் என்று நினைத்துத் தோளைக் குறுக்கினேன். அப்பா சிரிக்கத் தொடங்கினார். அதிகம் பேசாத மனிதர். சிரிக்கவும் தெரியும் என்பது எனக்கே புதினம். சிரித்துச் சிரித்துப் பாயில் உட்கார்ந்துவிட்டார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். மாப்பிள்ளையின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணித் தட்டை மறுபடி தூக்கி, "ஆறிப் போயிரும், குடிங்க" என்றார். ஆனால் என் கோப்பையில் சீனி கூடுதலாக இருந்தது.

மாப்பிள்ளை எல்லா அட்டைகளையும் திருப்பித் தந்தார். நான் வாங்கவில்லை. பின்பக்கத்தால் ஆள் தெரியும் கட்டை வைத்து என்ன செய்வது?

திரும்பி வரும்போதும் அதே பாதை. நடு வாவியில் மாமா வாய் திறந்தார். "ஆள் சரிவராது மச்சான். களவு செய்றான்."

"சொல்லிப்போட்டான்தானே" என்றார் அப்பா.

"பிடிபட்டதால சொன்ன."

"ஆர் பிடிச்ச? நாம மந்திரம் எண்டெல்லோ நம்பிக்கொண்டு நிண்ட."

மாமா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அக்கா காதில் விழும்படியே, "அது குழம்பிட்டு புள்ள. வேற இடம் பாப்பம்" என்றார். அக்கா குசினிக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போனேன். அவள் அடுப்புக்கு முன்னால் நின்றாள். அடுப்பில் நெருப்பு இல்லை.

"சொல்லு" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சுறா எண்ணெய், பவுடர், செய்வினை என்று கத்தியது, எதையும் ஒளிக்கவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். பாதி அவளுக்காக. பாதி அரிசிமூட்டைக்காக.

"அவர் களவு செஞ்சத அவராத்தான் சொன்னவரா?"

"ஓம்."

"அவங்கட அம்மாவுக்கு முன்னால? மாமாவுக்கு முன்னால?"

"ஓம். காது சிவந்துபோய்ச் சொன்னவர். ஆசையாப் போயிட்டாம்."

அக்கா வெளியே போய் மாமாவுக்கு முன்னால் நின்றாள். அவள் பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"மாமா, எனக்கு அந்த ஆள் காணும். வேற இடம் பாக்க வேணாம்" என்றாள்.

கலியாணம் அடுத்த ஆவணியில் நடந்தது. வழக்கப்படி அத்தான் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியைத் திறந்ததும் வீடெல்லாம் தோணி மணத்தது. என் கட்டைக் கொண்டுவந்திருந்தார். றமீஸோடான போட்டிக்கு வயிற்றுவலி என்று நான் போகாமல் விட்டதைக் கேள்விப்பட்டு, தன் செலவில் பபிள்கம் வாங்கித் தந்து புதுக் கட்டு ஒன்றும் அமைக்க உதவினார். அதை வைத்துப் போய் றமீஸிடம் ஒழுங்கான முறையில் தோற்றேன்.

இப்படியாக எங்கள் வீட்டில் ஒரு பகிடி குடிவந்தது. யாராவது எதையாவது மறைத்தால், "வெயிலுக்குப் பிடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்போம். பரீட்சைப் புள்ளியை நான் மறைத்தால் கேட்பார்கள். மாமா சுருட்டுக் குடித்துவிட்டு இல்லையென்றால் கேட்பார்கள். அத்தானுடைய தாயே ஒருமுறை எங்கள் அம்மாவிடம் கேட்டார். சம்பந்திகள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வருடம் எங்கள் ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்று நடந்தது. அத்தானின் அடையாள அட்டையில் இயக்கம் இருந்த படுவான்கரை விலாசம். ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவும் அக்காவும் முகாம் வாசலில் போய்க் கிடந்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் விட்டார்கள். நடந்தே வந்தார். விறாந்தைக் கதிரையில் மெதுவாக இருந்தார். முதுகைச் சாய்க்கவில்லை.

"ஒண்டும் செய்யல்ல. விசாரிச்சிட்டு விட்டவங்க. தேத்தண்ணியும் தந்தவங்க" என்றார். அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார். வேர்த்துக் கொட்டியது. சேட்டைக் கழற்றச் சொன்னேன், பிறகு என்றார்.

அக்கா முற்றத்தில் நின்றாள். வெயில் இன்னும் இருந்தது.

"இஞ்ச வாங்க" என்றாள். "வெயிலுக்குப் பிடிச்சுப் பாக்கணும்."

அத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்த முகம் அப்படியே உடைந்தது. எழும்பிப் போய் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, சேட்டைக் கழற்றினார்.

நான் வெந்நீர் வைக்கக் குசினிக்கு ஓடினேன். அப்பா வந்து அடுப்பைப் பற்றவைத்தார். அந்தப் பகிடியை இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்கிறோம். அத்தானின் பிள்ளைகள் சொல்கிறார்கள், என் பிள்ளைகள் சொல்கிறார்கள், எல்லோரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பாள். சிரிக்கும்போது அவள் கை மட்டும் அத்தானின் முதுகுக்குப் போய்விடும்.